பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் விளக்கு: கம்ப்ரஸரை மாற்றும் முன்

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. முன்பக்கம் சாதாரண காயில் ஸ்பிரிங், பின்பக்கம் மட்டும் ஏர் சஸ்பென்ஷன். இரண்டு மாதமாக, காலையில் வண்டியை எடுத்த சில நிமிடங்களில் டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் விளக்கு மஞ்சளாக எரிகிறது. கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் அணைந்துவிடுகிறது. காலையில் பின்பக்கம், அதிலும் இடது பக்கம், தாழ்ந்து நிற்பதுபோலத் தெரிகிறது. டிக்கிக்கு அடியிலிருந்து வரும் 'உர்ர்' சத்தம் முன்பைவிட நீளமாகக் கேட்கிறது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா? அதுவரை வண்டியை ஓட்டலாமா? நண்பர் ஒருவர் ஏர் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடச் சொல்கிறார். அது நல்ல யோசனையா?

பதில்:

கம்ப்ரஸரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அது கெட்டிருக்கவும் கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் மெக்கானிக் சொன்னதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது: காலையில் இடது பக்கம் தாழ்ந்து நிற்கிறது. இரவு முழுக்க வண்டி சும்மா நிற்கும்போது, காற்றை அழுத்தி ஏற்றும் இந்தக் கம்ப்ரஸருக்குப் பெரும்பாலும் வேலையே கிடையாது. மாலையில் ஏற்றி அடைத்து வைத்த காற்று காலை வரை அப்படியே இருக்க வேண்டும். இல்லை என்றால் எங்கோ கசிகிறது. புதுக் கம்ப்ரஸர் போட்டாலும் அந்தக் கசிவு அங்கேயேதான் இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஏர் சஸ்பென்ஷன் வேலைக்கு வந்த புதிதில், ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டை அப்படியே நம்பி ஒருவருக்குக் கம்ப்ரஸர் மாற்றிக் கொடுத்தேன். விளக்கு அணைந்தது, வண்டி நிமிர்ந்தது, அவரும் சந்தோஷமாகப் போனார். சில மாதத்தில் அதே விளக்கோடு திரும்பி வந்தார். புதுக் கம்ப்ரஸர் பழையதைப் போலவே கரகரத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். பின்பக்கக் காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் நுரை பொங்கியது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அது. அவர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காயில் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ரப்பர் பை ஒன்று இருக்கிறது. இதைச் சிலர் ஏர் பேக் என்பார்கள். விபத்தில் விரியும் ஏர்பேக்கோடு குழம்பாமல் இருக்க நான் பெல்லோ என்றே சொல்கிறேன். பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சென்சார், சில வண்டிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். டிக்கியில் பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் ரிலே என்ற மின் சுவிட்சை இழுத்துக் கம்ப்ரஸரை ஓட்டும். காற்று, ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகப் போய், ஒவ்வொரு பக்கத்துக்கும் காற்றைத் திறந்து மூடும் வால்வ் பிளாக்கைத் தாண்டி, இரண்டு பெல்லோக்களுக்குள் ஏறும். உயரம் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். பாரம் இறங்கினால், உபரிக் காற்று வந்த வழியே திரும்பி வெளியேறும்.

இதில் கம்ப்யூட்டருக்கு எங்கே கசிகிறது என்று பார்க்க வழியில்லை. உயரம் தெரியும், கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியும், சில வண்டிகளில் அழுத்தமும் தெரியும். இவ்வளவு நேரம் ஓட்டியும் உயரம் வரவில்லை என்றால், மோட்டார் சூடாகி எரிந்துவிடாமல் இருக்க அதை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். ஸ்கேனரில் 'கம்ப்ரஸர் ஓட்ட நேரம் மீறியது' என்பதுபோல ஒரு வரி வரும். உங்கள் மெக்கானிக் பார்த்தது அநேகமாக இதைத்தான். அதில் கம்ப்ரஸர் என்ற சொல் இருக்கிறது, அதனால் பழி அதன்மேல் விழுகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறவன் கை சோர்ந்துபோனால், கையையா மாற்றுவது?

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் கவனியுங்கள். சாவி போட்ட உடனே, வண்டி அசைவதற்கு முன்பே எரிந்தால் அது பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: சென்சார் வயர், வால்வைத் திறக்கும் மின்சுருள், ரிலே, ஃப்யூஸ். சாவி போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் அவற்றைத்தான் சோதிக்கும். உங்களுக்கு எரிவதுபோல, வண்டி எடுத்துச் சில நிமிடம் கழித்து எரிந்தால், வேலை செய்ய முயன்று முடியாமல் போன கதை அது. கம்ப்ரஸர் ஓய்வெடுத்துக் குளிர்ந்த பிறகு மறுபடி ஓடி ஒருவழியாக உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது, அதனால்தான் விளக்கு அணைகிறது. அணைந்ததால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி நீங்களே செய்யக்கூடிய சோதனை. ஒரு இன்ச் டேப்பும் ஒரு துண்டுக் காகிதமும் போதும். சமதளத்தில் நிறுத்துங்கள், ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நிற்கக் கூடாது. பின் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை, இரண்டு பக்கமும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்றுக் குறைவாக இருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் மையத்திலிருந்து. வண்டியைப் பூட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் விழித்திருந்து உயரத்தைச் சரிசெய்யும், ஆகவே ஒரு மணி நேரம் விட்டு அளப்பது நல்லது. மறுநாள் கதவைக்கூடத் திறக்காமல் மறுபடி அளந்து பாருங்கள். சில வண்டிகள் நடு இரவில் தானாக விழித்து உயரத்தைச் சரிபார்க்கும். அப்படிப்பட்ட வண்டியாக இருந்தால், அந்த ஒரு ராத்திரிக்கு சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள். அப்போதுதான் உண்மையான இறக்கம் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் கவலை வேண்டாம். மாலையில் 30 டிகிரி, விடியற்காலையில் 10 டிகிரி என்றால், பெல்லோவுக்குள் இருக்கும் காற்றின் கன அளவு நூற்றில் ஏழு பங்கு போலச் சுருங்கும். மேலே இருக்கும் எடை மாறாததால், சுருங்கிய அளவுக்கு வண்டி இறங்கும். இது கசிவு கிடையாது. ஒரு பக்கம் மட்டும் விரல் கனத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பக்கத்து பெல்லோ, அதற்குப் போகும் குழாய், வால்வ் பிளாக்கில் அதற்கான வால்வு, இந்த மூன்றில் ஒன்று. நல்ல பக்கமும் கொஞ்சம் சேர்ந்து சாயும், ஏனென்றால் ஆன்ட்டி ரோல் பார் என்ற குறுக்குக் கம்பி இரண்டு பக்கத்தையும் கட்டி வைத்திருக்கிறது. அதனால் இரண்டும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் சமமாக, நிறைய இறங்கினால் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும்: வால்வ் பிளாக், அதற்குப் பின்னால் கம்ப்ரஸரின் வெளியேற்று வால்வு.

அடுத்தது சோப்புத் தண்ணீர். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் மட்டும் தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள். காற்றை நம்பி நிற்கிற வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடாதீர்கள். பெல்லோ எந்த நொடியிலும் இறங்கலாம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நசுங்கிப்போகிற அளவுக்கு வேகமாக இறங்கும். ஜாக்கியும் போதாது; பாடிக்குக் கீழே கம்பெனி சொன்ன இடத்தில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கி போடும் முன் சஸ்பென்ஷனை அணைத்துவிடுங்கள். சில கார்களில் மெனுவில் 'ஜாக் மோட்' என்று இருக்கும். லிங்கன் டவுன் கார் போன்ற பழைய அமெரிக்கக் கார்களில் டிக்கிக்குள்ளேயே ஒரு சுவிட்ச் உண்டு. (அந்த சுவிட்சை யாரோ சாமான் வைக்கும்போது தட்டிவிட்டு, அதனாலேயே விளக்கு எரிந்து, வண்டி ஒர்க்‌ஷாப் வரை வந்த கதைகளும் உண்டு. உங்கள் வண்டியில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.)

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல், டீசல், எண்ணெய் எதுவும் ரப்பரில் படக் கூடாது. பெல்லோவின் அடிப்பகுதியில் ரப்பர் உள்பக்கமாக மடிந்து உருளும் இடம் ஒன்று இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மடிப்புதான் சுருண்டு விரிகிறது. மண்ணும் சின்னக் கற்களும் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். காய்ந்த குளத்து மண் போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வயதாகிவிட்டது என்று அர்த்தம். எட்டு, பத்து வருடத்தில் இப்படி ஆவது சகஜம்; உங்கள் வண்டிக்கு ஒன்பது. அங்கே தாராளமாக அடித்துவிட்டு அவசரப்படாமல் ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு குமிழாக வரும், சின்னக் கசிவு வெள்ளை நுரையாக மெதுவாகச் சேரும். அப்புறம் குழாய் பெல்லோவில் சேரும் முனை, வால்வ் பிளாக்கில் ஒவ்வொரு குழாயும் நுழையும் இடம், குழாய் எங்காவது பாடியில் உரசுகிறதா என்பது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில வெடிப்புகள் குறிப்பிட்ட உயரத்தில் மட்டும்தான் வாய் திறக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சக்கரம் தொங்கும்போது ரப்பர் நீண்டு, மடிப்பு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். ஒரு குமிழ்கூட வராது. கசிவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சக்கரத்தில் பாரம் இருக்கும்படி, வழக்கமான உயரத்தில் சோதிக்க வேண்டும். சக்கரத்தோடு தூக்கும் ராம்ப் லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப் இதற்கு வசதி; அங்கேயும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விடாதீர்கள்.

எங்கும் நுரை வரவில்லை, ஆனாலும் காலையில் இறங்குகிறது என்றால், மெக்கானிக்கிடம் அந்தப் பக்கத்துக் குழாயை வால்வ் பிளாக்கில் கழற்றச் சொல்லுங்கள். குழாய் முனையில் ஒரு பிரஷர் கேஜும் அடைப்பு வால்வும் மாட்டி, வெளியிலிருந்து ஈரமில்லாத காற்றை, வண்டிக் கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு மேல் போகாமல் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கட்டும். முள் அப்படியே நின்றால் பெல்லோவும் குழாயும் நன்றாக இருக்கின்றன, கசிவது வால்வ் பிளாக். முள் இறங்கினால் பெல்லோ அல்லது குழாய். வெளியேற்று வால்வின் வாயில் ஒரு சோப்புப் படலம் பூசி வைத்தால், அது ஊதிக்கொண்டே வருகிறதா என்று தெரிந்துவிடும். அந்த வாயைத் தண்ணீருக்குள் முக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு, நான் செய்வதில்லை. சில கம்ப்ரஸர்கள் அதே வழியாகத்தான் மூச்சு இழுக்கும். நடுவில் ஓடிவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வளவு நாள் இரட்டை உழைப்பு உழைத்திருக்கிறது, அதன் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். டிரையரின் நிலைமை இன்னும் மோசம், அதைப் பலரும் யோசிப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில், பாரம் இறங்கும்போதெல்லாம் உலர்ந்த காற்று டிரையர் வழியாகத் திரும்பி வெளியேறும். அப்போது அதில் சேர்ந்திருந்த ஈரத்தையும் வாரிக்கொண்டு போகும். கசிகிற வண்டியில் காற்று கசிவு வழியாகவே போய்விடுகிறது, டிரையர் வழியாகத் திரும்புவது மிகக் குறைவு. டிரையர் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருந்து நிரம்பிவிடும். உள்ளே இருக்கும் சிலிக்கா மணிகள் காலப்போக்கில் பொடியாகி வால்வ் பிளாக்குக்குள் போய், வால்வு சரியாக மூடாதபடி உட்கார்ந்துகொள்ளும். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் அந்த ஈரம் உறைந்து குழாயையே அடைக்கும்.

ஆகவே கசிவை அடைத்ததும் கம்ப்ரஸரை ஓட்டிப் பாருங்கள். ஆள் இல்லாமல் ஒரு முறை, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்து ஒரு முறை. தடுமாறாமல், கரகரக்காமல், வழக்கமான நேரத்தில் நிமிர்த்தினால் அது இன்னும் உழைக்கும். டிரையரைத் தனியாக மாற்ற முடிகிற வண்டி என்றால் மாற்றிவிடுங்கள். கொஞ்சம் ஓடி, நின்று, சூடு ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது என்றால் மோட்டார் களைத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

மாற்றினால் ரிலேவையும் சேர்த்து மாற்றுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பல வண்டிகளில் இந்த மோட்டார் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நாள்கணக்கில் அதிக நேரம் ஓடியதில் ரிலேயின் உள் முனைகள் கருகியிருக்கும். சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் பேட்டரியும் காலி, புதுக் கம்ப்ரஸரும் காலி. கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவை, கம்ப்ரஸர் கனெக்டரில் ஒரு தடவை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ தடை இருக்கிறது. பலவீனமான பேட்டரியும் காலை நேரத்தில் இதே விளக்கை எரியவைக்கும், அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

சென்சார் பற்றி உங்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் உங்கள் வண்டியின் அறிகுறிகள் அந்தப் பக்கம் காட்டவில்லை. சென்சாரை அச்சோடு இணைக்கும் சின்னக் கம்பி துருப்பிடித்து உடைந்தாலோ, அதன் பந்து மூட்டு கழன்றாலோ, வண்டி அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும், அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே இருக்கும். பல கார்களில் ஹெட்லைட்டின் சாய்வையும் இதே பின் சென்சார்தான் தீர்மானிக்கிறது, எனவே ஹெட்லைட் திடீரென்று மேலேயோ கீழேயோ அடித்தால் அதுவும் ஒரு துப்பு. சென்சாரை மாற்றினால் உயர அளவை ஸ்கேனரில் புதிதாகப் பதிய வேண்டும்.

ஸ்கேனர் என்றதும் இன்னொன்று. எஞ்சின் பிழைக் குறியீடுகளை மட்டும் படிக்கும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரோடு பேசக்கூடியது வேண்டும். குறியீடுகளை அழிக்கும் முன் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மஞ்சள் விளக்கு, வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்றால் நிதானமாக ஓட்டலாம். காலையில் அது எழுந்து உயரத்துக்கு வரும் வரை நகர்த்தாதீர்கள். டிக்கியில் பாரம் ஏற்ற வேண்டாம், டிரெய்லர் இழுக்க வேண்டாம். தாழ்ந்த நிலையிலேயே ஓட்டினால் பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் தடுப்பில் முட்டி முட்டிப் போகும். வளைவில் வண்டி பிடிமானம் இழக்கும், டயர் மட்கார்டில் உரசலாம், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். விளக்கு சிவப்பாக மாறினாலோ பின்பக்கம் எழவே இல்லை என்றாலோ ஓட்டாதீர்கள், சக்கரம் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனை பழையதுதான். 1957-ல் வந்த காடிலாக் எல்டோராடோ புரோம் நான்கு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. கசிவு தாங்காமல் அதன் உரிமையாளர்களில் பலர் காயில் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வழி குறைவு. உங்களுக்கு இருக்கிறது. காயில் போட்டால் பாரத்துக்கு ஏற்ப நிமிரும் வசதி போய்விடும். காலியாக ஓட்டும்போது விறைப்பாக இருக்கும், அல்லது முழுப் பாரத்தில் தொய்ந்துவிடும். இரண்டுக்கும் பொருத்தமான ஒரே ஸ்பிரிங் கிடையாது. கம்ப்யூட்டரில் சஸ்பென்ஷனை முறையாக நீக்காவிட்டால் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். உங்கள் மாடலுக்கு பெல்லோ கிடைக்கவே இல்லை என்ற நிலைமை வந்தால் யோசிக்கலாம். ஒரு பக்கம் கசிவதற்காக நான் அதைச் செய்ய மாட்டேன்.

பெல்லோதான் என்று உறுதியானால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். வலதுக்கும் அதே ஒன்பது வயதுதான், இடதைத் தொடர்ந்து அதுவும் கசியத் தொடங்கும். குழாய் முனையைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டி, புது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடச் சொல்லுங்கள். மிக முக்கியம்: புது பெல்லோவில் காற்று ஏற்றிய பிறகுதான் வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். காலிப் பையின்மேல் வண்டியை இறக்கினால் மடிப்பு தாறுமாறாகச் சுருங்கி, புது ரப்பர் முதல் நாளே கிழிந்துவிடும். மாற்றியதும் அன்றிரவே பழைய காகிதத்தை எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, அதே மாதிரி அளந்து எழுதுங்கள். காலை அளவும் அதற்கு நெருக்கமாக வந்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஸர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.